ஒரு வாரத் தாய்வீடு

மாட்டு டாக்டர் இடது தோளில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது அவளுடைய அண்ணி சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மாடு உதைச்சிடுச்சா?" என்று கேட்டாள் அண்ணி.

"மாடு பாவம், ஒண்ணும் பண்ணல. உங்க கன்னுதான்."

சண்டை அந்த இடத்தில்தான் தொடங்கியது.

அண்ணி என்பது உறவுப்பெயர்தான். ஆனால் அவளை எல்லோருமே அப்படித்தான் கூப்பிட்டார்கள். கால்நடைக் கரு ஆய்வகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாத்தனார் போன் செய்து "அண்ணி இருக்காங்களா?" என்று கேட்டாள். போனை எடுத்தவர் யாருக்கு அண்ணி, எந்த அண்ணி என்றெல்லாம் விசாரிக்காமல், "அண்ணி, உங்களுக்கு போன்" என்று அறை முழுக்கக் கேட்கும்படி கூவினார். அதற்குப் பிறகு அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள்.

அவள் வேலை இதுதான். நன்றாகப் பால் கறக்கும் பசுக்களிடமிருந்து எடுத்த முட்டைகளைக் கண்ணாடித் தட்டில் வைத்துக் கருவாக்குவாள். அந்தக் கரு ஒரு வாரம் அவளுடைய இன்குபேட்டரில் வளரும். அதன்பிறகு அதை எடுத்துப்போய் வேறொரு பசுவின் கருப்பையில் வைப்பது நாத்தனாரான மாட்டு டாக்டரின் பொறுப்பு. ஒன்பது மாதம் கழித்துக் கன்று வெளியே வர அடம்பிடித்தால் பிடித்து இழுப்பதும் அவள் பொறுப்பே. ஒருத்தி விதைத்தாள், ஒருத்தி அறுத்தாள். இத்தனை நாளும் அதில் வம்பு வந்ததில்லை.

"கன்னு என்ன ஆச்சு?" என்றாள் அண்ணி.

"போயிடுச்சு. வெளிய வர்றதுக்குள்ள மூச்சு நின்னுடுச்சு. நானும் பண்ணைக்காரம்மாவும் கயிறு கட்டி இழுத்தோம். என் தோள் வந்துச்சு, கன்னு வரல. அவ்வளவு பெருசு."

அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள். அவளுக்கு உண்மையாகவே மனசு கனத்தது. அந்த இடத்தோடு டாக்டர் நிறுத்தியிருந்தால் கதையே வேறு.

"இது முதல் தடவை இல்ல அண்ணி. ஊசி போட்டு சினையான மாடெல்லாம் தன்பாட்டுக்குக் கன்னு போடுது. உங்க ஆய்வகத்துக் கரு வச்ச மாட்டுக்கிட்ட போனாத்தான் நான் குஸ்தி போட வேண்டியிருக்கு."

"எங்கிட்ட இருந்தது ஒரே ஒரு வாரம். மிச்ச மாசமெல்லாம் பசு வயித்துலதானே இருந்துச்சு? அது என்ன தின்னு கொழுத்துச்சுன்னு பண்ணையில போய்க் கேளு."

"பால் திரியறதுக்கு ஒரு சொட்டு எலுமிச்சை போதும். ஒரு வாரம் எதுக்கு?"

அண்ணிக்குச் சுருக்கென்றது. அவளுடைய தட்டுகளில் தூசி கிடையாது. அவளுடைய கருக்கள் மைக்ராஸ்கோப்பில் முத்துப்போல உருண்டு திரண்டு நிற்கும். கைராசிக்காரி என்று ஆய்வகமே அவளைக் கொண்டாடியது. அப்படிப்பட்டவளைப் பார்த்து எலுமிச்சை என்றால்?

இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஆனால் ஒரு சிக்கல். தோளில் கட்டோடு டாக்டரால் தலை வாரிக்கொள்ள முடியாது. அவளுக்கோ இடுப்பு வரைக்கும் முடி. ஆகவே தினமும் காலையில் அண்ணிதான் பின்னிவிட வேண்டியிருந்தது. பேசாமல் பின்னுவது இன்னும் கொடுமை. எதிரே உட்கார்ந்து டீ குடிக்கும் அண்ணன் வழியாகத்தான் எல்லாச் சேதியும் போய்வந்தது.

"அண்ணா, இது முடி, கயிறு இல்லன்னு சொல்லு."

"அசையாம உட்காரச் சொல்லுங்க. வகிடு கோணுது."

அண்ணன் தையல்காரர். பள்ளிச் சீருடைகள் தைப்பவர். ஒரு பக்கம் தங்கை, ஒரு பக்கம் மனைவி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது தெரிந்தவர் என்பதால் எந்தச் சேதியையும் அவர் கைமாற்றவில்லை. "டீ நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்வார். டீ போட்டதும் அவர்தான்.

இப்படி ஒரு வாரம்கூட ஓடியிருக்காது. ஒரு முற்பகலில் பண்ணைக்காரம்மாவிடமிருந்து போன் வந்தது. ஆய்வகத்துக் கருவைச் சுமக்கும் இன்னொரு பசுவுக்கு வலி கண்டுவிட்டது. பெயர் கருப்பி. டாக்டரால் வண்டி ஓட்ட முடியாது. அண்ணனோ கடையில் அரைகுறையாகத் தைத்த சட்டைகளுக்கு நடுவே சிக்கிக் கிடந்தார். அன்றைக்கு அண்ணிக்கு விடுமுறை. வேறு வழியில்லாமல் அவள் சாவியை எடுத்தாள்.

போகும் வழியெல்லாம் இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டே போனார்கள். "இடது பக்கம்" என்று ஒரு தடவை டாக்டர் சொன்னாள். அது வழி சொன்னதே தவிரப் பேச்சில்லை என்று இருவரும் மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டார்கள்.

உண்மையில் அண்ணி அந்தப் பண்ணைக்குப் போனதே கிடையாது. தன் கையால் உருவான ஒரு கன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு மாப்பிள்ளை வீட்டு வாசலை எட்டிப் பார்க்காத தாயைப் போல, எல்லாம் நல்லபடியாக இருக்கும் என்ற நம்பிக்கையிலேயே காலத்தை ஓட்டியிருந்தாள்.

பண்ணைக்காரம்மா ஆகிருதியான மனுஷி. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மாடுகளை வாங்க போங்க என்பார், மனிதர்களை வா போ என்பார்.

"வா டாக்டர். யாரு இது, உன் அண்ணியா? நீயும் வா." அப்படியே கொட்டகைப் பக்கம் திரும்பி, "கருப்பி, கொஞ்சம் பொறுத்துக்கோங்க, டாக்டர் வந்துட்டா" என்றார்.

டாக்டர் நீளக் கையுறை மாட்டி வலது கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்தே அண்ணிக்குப் புரிந்துவிட்டது.

"தலை பெருசு, வழி சிறுசு. இழுத்தா ரெண்டும் போயிடும். அறுத்துத்தான் எடுக்கணும்." பிறகு, சண்டைக்கு அப்புறம் முதல் தடவையாக நேரே திரும்பி, "அண்ணி, அறுக்கறதை நான் ஒத்தைக் கையால பார்த்துக்குவேன். தூக்க என்னால முடியாது. பண்ணைக்காரம்மா ஒரு கால், நீங்க ஒரு கால்" என்றாள்.

"நானா? எனக்கு அதெல்லாம் தெரியாதே."

"தெரியறதுக்கு ஒண்ணுமில்ல. சொன்னதும் இழுக்கணும், கீழ போடக் கூடாது."

அண்ணியின் கைகள் வேறு விதமாகப் பழகியவை. முடியிழை போன்ற கண்ணாடிக் குழாயின் நுனியில், கண்ணுக்கே தெரியாத ஒன்றை மூச்சடக்கி நகர்த்தும் கைகள். இப்போது அவற்றில் தோள்வரை கையுறை. கருப்பி நின்றபடியே இருந்தாள். இடது விலாப் பக்கம் முடியை மழித்து, கழுவி, மரத்துப்போக ஊசி போட்டாள் டாக்டர். கத்தி இறங்கியதும் பசு காதை மட்டும் அசைத்தது. பண்ணைக்காரம்மா, "அவ்வளவுதான், இன்னும் கொஞ்சம்தான், நீங்க தீவனத்தைப் பாருங்க" என்று அதனிடம் பேசிக்கொண்டே இருந்தார். உண்மையில் அந்தப் பேச்சு அண்ணிக்குத்தான் அதிகம் உதவியது.

கருப்பையைத் திறந்ததும் பின்னங்கால்கள் இரண்டு தெரிந்தன. டாக்டர் அவற்றில் சங்கிலி மாட்டி ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள்.

"மேல தூக்குங்க. நேரா வேணாம், மேல. இப்ப உங்க பக்கம்."

அண்ணி இழுத்தாள். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. இவ்வளவும் எங்கே இருந்தது என்று அவள் நினைப்பதற்குள் முழுக் கன்றும் வழுக்கிக்கொண்டு அவள்மேலேயே விழுந்தது. அவள் வைக்கோலில் மல்லாந்தாள். பனிக்குடத்து நீர் மூக்குவரை. நெஞ்சின்மேல் சூடாக, ஈரமாக, அலமாரி போல ஒரு கனம்.

"கீழ போடலையே," என்றாள் அண்ணி, அடியிலிருந்து.

"மூக்கைத் துடைங்க அண்ணி. வைக்கோலால உள்ள குத்துங்க. விடாம தேய்ங்க." டாக்டர் இடது கை விரல்களால் பிடித்து, வலது கையால் தைக்கத் தொடங்கிவிட்டாள். அவளால் திரும்பிப் பார்க்க முடியாது.

அண்ணி தேய்த்தாள். கன்றின் நாக்கு வீங்கி, வாய்க்குள் அடங்காமல் ஒரு பக்கமாகத் தொங்கியது. தொப்புள் பக்கம் புடைப்பு. அசைவில்லை. அவள் வைக்கோல் துரும்பை மூக்குக்குள் விட்டாள், விலாவைத் தட்டினாள், எதையோ சொல்லிக் கெஞ்சினாள். என்ன சொன்னாள் என்பது அவளுக்கே பின்னால் நினைவில்லை. கன்று ஒரு தும்மல் போட்டது. அது அவள் முகத்தில்தான் விழுந்தது. ஆனால் அதற்காக அவள் கொஞ்சமும் வருத்தப்படவில்லை.

"பொண்ணு," என்றார் பண்ணைக்காரம்மா, வாலைத் தூக்கிப் பார்த்து. "பயில்வான் பொண்ணு."

பயில்வானுக்கு நிற்கத் தெரியவில்லை. மற்றக் கன்றுகள் பிறந்து உடம்பு காய்வதற்குள் தள்ளாடி எழுந்து மடி தேடும். இது நாலு காலையும் நாலு திசைக்கு நீட்டிக்கொண்டு கிடந்தது. அடுத்த தடுப்பில், சில நாள் முன்பு பிறந்த ஒரு கன்று துள்ளிக்கொண்டிருந்தது. இதில் பாதிதான் இருக்கும்.

"அது யாரோட கன்னு?" என்று அண்ணி கேட்டாள்.

"அதுவும் இதுவும் கூடப்பொறந்தது. அதே காளை, முட்டை குடுத்ததும் அதே தாய். அது ஊசி போட்டுத் தாய் வயித்துலயே உண்டானது. இது உன் தட்டுல உண்டாகி வந்தது," என்றார் பண்ணைக்காரம்மா. அவர் குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். அதனாலேயே அது அண்ணிக்கு நன்றாக உறைத்தது. பிறகு அவர், "அது எப்படி, ஒரே அப்பன் ஆத்தாளுக்கு ஒண்ணு எலியாவும் ஒண்ணு யானையாவும் பொறக்கும்? நீ படிச்சவதானே, சொல்லு" என்றார்.

மருந்து நேரம் எழுதுவதற்காகக் கொட்டகைச் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. அண்ணி சாக்பீஸை எடுத்து அதில் 'பல்' என்று எழுதினாள்.

"படிங்க."

"பல்."

புள்ளியை விரலால் அழித்தாள். "இப்ப?"

"பல."

"எழுத்தை நான் தொடவே இல்ல. புள்ளி மட்டும்தான் போச்சு, சொல்லே வேற ஆயிடுச்சு. இந்தக் கன்னுக்கும் அப்பா அம்மா குடுத்த எழுத்தெல்லாம் அப்படியேதான் இருக்கும். ஆனா சில எழுத்து மேல, இதைச் சத்தமா படிக்காதேன்னு ஒரு புள்ளி வச்சுத்தான் குடுத்தனுப்புவாங்க. கரு உண்டான முதல் வாரத்துல அந்தப் புள்ளியெல்லாம் பத்திரமா காப்பாத்தணும். தாய் வயித்துல அது தானா நடக்கும். தட்டுல..." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "தட்டுல சிலது உதிர்ந்துடும். வளர்ச்சிக்கு பிரேக் போடற இடத்துல உதிர்ந்தா, வயித்துக்குள்ள நிறுத்தத் தெரியாம வளர்ந்துக்கிட்டே போகும்."

டாக்டர் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "இதெல்லாம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அண்ணி?"

"படிச்சிருக்கேன். எங்கேயோ யாருக்கோ நடக்கறதுன்னு நினைச்சேன். என் கரு எல்லாம் அவ்வளவு அழகா இருக்குமே."

டாக்டர் அதைத் தொடராமல் கையுறையைக் கழற்றினாள். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது தானாகவே பேசினாள், அதுவும் வழி நெடுக. கருப்பிக்கு எப்படித் தையல் போட்டாள், அண்ணி விழுந்தது எப்படி இருந்தது, பண்ணைக்காரம்மா அதை நடித்துக் காட்டியது எப்படி என்றெல்லாம். அடுத்த நாள் காலை பின்னல் தளர்வாக விழுந்தது. அண்ணன் நிம்மதியாக டீ குடித்தார்.

கன்று பிழைத்துக்கொண்டது. நாக்கு வீக்கம் வடியும்வரை குழாய் வழியாகத்தான் பால். அண்ணி வேலை முடிந்து தினமும் போய், அதன் வயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தூக்கி நிறுத்திப் பழக்கினாள். குளிருக்குப் போட அண்ணன் கன்றுச் சட்டை ஒன்று தைத்துக் கொடுத்தார். சாதாரணக் கன்றுக்குப் போடும் அளவு. அது கன்றின் முதுகில் கைக்குட்டை போலக் கிடந்தது. நேரில் வந்து அளவெடுத்தவர், "இது கன்னா, கட்டிலா?" என்று கேட்டார். பண்ணைக்காரம்மா கன்றுக்கு 'அண்ணி' என்றே பெயர் வைத்துவிட்டார். அதன்பிறகு கொட்டகையில் "அண்ணி, பால் குடிச்சீங்களா?" என்று குரல் கேட்டால் மரியாதை கன்றுக்கு என்று அர்த்தம். "அண்ணி, வாளியை எடு" என்றால் அது மனுஷிக்கு.

ஆய்வகத் தலைவரைச் சமாளிப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. அவருக்குப் பட்டப்பெயர் போட்டோ. மைக்ராஸ்கோப்பில் நன்றாகத் தெரியும் கருவையெல்லாம் படம்பிடித்து, வரன் பார்க்க வருபவர்களிடம் பெண்ணின் படத்தை நீட்டுவதைப் போலப் பண்ணைக்காரர்களிடம் நீட்டுவார். கெட்டவரில்லை. அழகில் மயங்கியவர்.

அண்ணி அவர் அறைக்குப் போய், "தட்டுல கரு வளர்ற நீர்ல சீரம் சேர்க்கறதை நிறுத்தலாம் சார்" என்றாள். சீரம் என்பது கன்றின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் தெளிந்த நீர். அதைக் கொஞ்சம் ஊற்றினால் கருக்கள் மளமளவென்று வளரும். அந்த அவசரத்தில்தான் புள்ளிகள் உதிர்கின்றன என்பது அண்ணியின் சந்தேகம்.

"அதை ஊத்த ஆரம்பிச்சப்புறம்தானே நமக்கு இவ்வளவு கரு தேறுது? நல்லா ஓடற வண்டியை எதுக்கும்மா கழட்டணும்?"

அண்ணி தன் போனை மேசைமேல் வைத்தாள். திரையில், நாக்கை ஒரு பக்கம் தொங்கவிட்டு, காலைப் பரப்பிக் கிடக்கும் பெரிய கன்று. "உங்க போன்ல முகப்புல ஒரு கரு படம் வச்சிருக்கீங்களே சார், அதுதான் இது. உங்களுது பொண்ணு பார்க்கக் குடுத்த போட்டோ. என்னுது கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்தது."

அவர் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதானா?" என்றார் மெதுவாக.

"சந்தேகமே வேணாம். நான்தான் தூக்கி எடுத்தேன்."

பாதித் தட்டுகளில் சீரம், பாதியில் சீரம் இல்லாத நீர் என்று முடிவானது. இரண்டையும் ஒரே பண்ணையில் வைத்து, கன்று பிறக்கும்வரை டாக்டர் ஸ்கேன் பார்த்துவர வேண்டும். எது எந்தப் பசுவுக்குள் போனது என்று டாக்டரிடம் சொல்லக் கூடாது. தெரிந்தால் கண் தானாகவே ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்று அவளே கேட்டுக்கொண்டாள்.

புதுத் தட்டுக் கருக்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. மந்தமாக வளர்ந்தன. மங்கலாக இருந்தன. சிலது வழியிலேயே நின்றுவிட்டது. போட்டோ எட்டிப் பார்த்துவிட்டு, "கைராசி போயிடுச்சா அண்ணி?" என்று கேட்டு, படம் எடுக்காமலே நடந்துவிட்டார். அண்ணிக்கும் உள்ளூரக் கஷ்டமாகத்தான் இருந்தது. இவ்வளவு காலம் அழகாகச் சமைத்தவளை உப்பில்லாமல் சமைக்கச் சொன்ன மாதிரி.

பிறகு காத்திருப்பு. அவசரப்படுத்த முடியாத வேலை அது. டாக்டரின் தோள் ஆறியது. அண்ணனுக்குச் சீருடைக் காலம் வந்து போனது. பெரிய கன்று தானாகவே எழுந்து நின்று, முதல் வேலையாகத் தீவனத் தொட்டியைக் கவிழ்த்தது. நாத்தனாரும் அண்ணியும் பழையபடி சமையலறையில் சேர்ந்து கதையளந்தார்கள். ஒன்றை மட்டும் பேச மாட்டார்கள். எந்தப் பசு எப்படி என்று அண்ணி கேட்க வாயெடுப்பாள், டாக்டர் உடனே உப்பு ஜாடியைத் தேடத் தொடங்குவாள்.

பிரசவங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசிக் கன்று மட்டும் மீதி இருந்தபோது, எதில் எது என்று அண்ணி வாய் திறந்தாள். சீரத் தட்டிலிருந்து போனவற்றில் மூன்றில் ஒரு பங்கு பெருத்துப் பிறந்திருந்தது. சீரம் இல்லாத தட்டிலிருந்து போனவை ஏறக்குறைய எல்லாமே அளவான கன்று என்றாள் டாக்டர்.

"ஏறக்குறையன்னா?" என்றாள் அண்ணி.

"ஒண்ணு பெருசுதான். பிழைச்சிடுச்சு, ஆனா இழுக்க வேண்டியிருந்தது. மறைக்க மாட்டேன்."

அண்ணி அந்த ஒன்றையும் குறித்துக்கொண்டாள். "சீரத்தை எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன். தட்டுல வளர்த்தாலே கொஞ்சம் உதிரும் போல. இன்னும் தேடணும்."

"தேடுங்க. எப்பவாவது ஒண்ணு பெருசுன்னா என் தோள் தாங்கும். முன்னாடி மாதிரி வேணாம்."

சீரம் நிறுத்தப்பட்டது. போட்டோ இப்போது வருகிறவர்களிடம், "கரு சுமாரா இருந்தாத்தான் கன்னு லட்சணமா இருக்கும், இது நாங்க கண்டுபிடிச்சது" என்று சொல்ல ஆரம்பித்தார். அண்ணி திருத்தவில்லை. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று தன் மந்தமான கருக்களிடம் திரும்பிவிட்டாள்.

சீரம் இல்லாத தட்டிலிருந்து போன அந்தக் கடைசிக் கன்றுக்கான அழைப்பு ஒரு மத்தியானம் வந்தது. இரண்டு பேருமே கிளம்பினார்கள். டாக்டர் சங்கிலி, ஊசி, கத்தி எல்லாம் எடுத்துக்கொண்டாள். அண்ணி மாற்றுத்துணி எடுத்துக்கொண்டாள். வழியில் ஒரு லாரி குறுக்கே நின்று தாமதமாகிவிட்டது. இருவரும் இறங்கி ஓடாத குறையாகக் கொட்டகைக்குள் நுழைந்தபோது, பண்ணைக்காரம்மா கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க, எவ்வளவு தூரம் வந்திருக்கு?" என்றாள் டாக்டர், கையுறையைத் தேடிக்கொண்டே.

பண்ணைக்காரம்மா டீ கிளாஸால் சுட்டிக் காட்டினார். பசுவின் காலடியில் பழுப்பு நிறத்தில் ஒரு சின்னக் கன்று, ஈரம்கூடக் காயாமல், நின்றுகொண்டிருந்தது. தாய் அதன் காதை நக்கிக்கொடுத்தது.

"நான் டீ போட உள்ள போனேன். வெளிய வந்தா இவங்க வந்து நிக்கறாங்க."

டாக்டர் பையைக் கீழே வைத்தாள். "அப்ப எனக்கு வேலையே இல்லையா?" என்றாள். குரலில் குறைதான் இருந்தது. முகத்தில் இல்லை.

அண்ணி தடுப்பின்மேல் சாய்ந்து கன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு அடி வைத்தது, முட்டிபோட்டது, மறுபடி எழுந்தது, தவறான பக்கம் போய்த் தாயின் முன்னங்காலில் மடியைத் தேடியது.

"அங்க இல்லடி, பின்னாடி," என்றாள் அண்ணி.

"மரியாதை," என்றார் பண்ணைக்காரம்மா.